கதம்பையிலிருந்து பலகை: குமரியின் வேளாண் கழிவும் தாவரப் பிசினும் கொண்டு துகள்பலகை செய்ய முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் துகள்பலகைக்கு (பார்ட்டிகிள் போர்டுக்கு) மூலப்பொருள் தேடி அலைய வேண்டாம். ஈத்தாமொழி, இராஜாக்கமங்கலம் பக்கம் தும்பு (தென்னை நார்) ஆலை முற்றங்களில் நார்த்தூள் ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து கிடக்கிறது. மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் மரச்சீனி (மரவள்ளி) பிடுங்கிய விளையில் கம்பு மிஞ்சுகிறது, குலை வெட்டிய தோட்டத்தில் வாழைத்தடை (வாழையின் தண்டு) மிஞ்சுகிறது. ரப்பர் மரம் அறுக்கும் மில்களில் தூள், அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில் ஓடு. இவற்றில் பெரும்பகுதி அடுப்புக்குப் போகிறது, அல்லது மழையில் நனைந்து மக்குகிறது. இன்னொரு பக்கம், நாம் அலமாரிக்கும் கட்டிலுக்கும் வாங்கும் பார்ட்டிகிள் போர்டு வெளியூரிலிருந்து லாரியில் வந்து இறங்குகிறது. அதை ஒட்டியிருப்பது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு குழந்தைகள் தூங்கும் அறையில் அந்த வாயு மெல்ல மெல்லக் கசிகிறது என்பதை நினைத்தால், மாற்று வழிக்கு உழைப்பது வீண் வேலை இல்லை என்று புரியும்.

இந்தப் பேச்சை எடுத்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "என்ன பசை போடணும்?" என்பதுதான். என் கணிப்பில் பசை மூன்றாம் இடத்தில்தான் வருகிறது. முதலிடம் ஈரத்துக்கு. இரண்டாமிடம் துகளின் அளவுக்கும் தூளைப் பிரிப்பதற்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது. கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. காயாத துகளுக்கு எவ்வளவு உயர்ந்த பிசின் ஊற்றினாலும் பலகை சூட்டழுத்தி எந்திரத்திலேயே வெடிக்கும், இல்லாவிட்டால் அடுத்த ஆடி மாதத்தில் ஊதும். அதனால் இந்த வழிகாட்டியில் உலர்த்தும் பகுதிக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

எதற்கான பலகை?

சமையலறைத் தொட்டிக்குக் கீழே வைக்கும் பலகை தாவரப் பிசினில் வேண்டாம். அதற்கு இது பொருந்தாது. அலமாரியின் உள் தட்டு, படச்சட்டத்தின் பின்பலகை, அறிவிப்புப் பலகை, உள்கூரைத் தட்டு, மேசையின் பக்கப்பலகை, பொருள் கட்டி அனுப்பும் பெட்டி ஆகியவற்றுக்குத் தாராளமாகச் செய்யலாம். மரத்திலிருந்தும் பிற தாவர நாரிலிருந்தும் செய்யும் நடுத்தர அடர்த்தித் துகள்பலகைக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3087. இந்த வகைப் பலகையின் அடர்த்தி கன மீட்டருக்கு 500 முதல் 900 கிலோ வரை. சோதனை முறைகள் ஐ.எஸ். 2380-இல் இருக்கின்றன. முதல் பலகைக்கு 750 கிலோ அடர்த்தியை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்தால் பலகை உதிரும், கூடினால் அழுத்தி திணறும்.

அளவு 30-க்கு 30 செ.மீ., கனம் 12 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த அளவுக்குத்தான்.

எந்தக் கழிவை எடுப்பது

என் முதல் தேர்வு கதம்பை, அதாவது தேங்காயை உரித்த நார்மட்டை. தென்னை நாரில் லிக்னின், அதாவது மரத்துக்கு உறுதி தரும் இயற்கைப் பொருள், மிக அதிகம். மரங்களில் சாதாரணமாக 20 முதல் 30 விழுக்காடு இருக்கும் லிக்னின், தென்னை நாரில் 40-ஐத் தாண்டும். இந்த லிக்னின் சூட்டில் இளகி, ஆறும்போது இறுகி, தானே பசையாகிறது. நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, முழுக் கதம்பையை அரைத்துச் சூட்டில் அழுத்தினால் வேறு பசையே இல்லாமல் கனமான, உறுதியான பலகை கிடைக்கிறது என்று காட்டியது. அந்தப் பலகை தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது. அவ்வளவு அழுத்தம் கொடுக்கும் எந்திரம் சிறு பட்டறையில் இருக்காது என்பதால் நாம் கொஞ்சம் பிசின் சேர்க்கிறோம். ஆனாலும் பாதி வேலையைக் கதம்பையே செய்துவிடுகிறது.

ஊறப்போட்ட கதம்பையை எடுக்காதீர்கள். காயலிலும் கால்வாயிலும் மாதக்கணக்கில் ஊறும்போது, நமக்கு வேண்டிய பல கரையும் பொருள்கள் தண்ணீரோடு போய்விடுகின்றன. கயிறு திரிக்க அது நல்லது, பலகைக்கு நல்லதல்ல. உவர்நீர் உப்பும் நாரில் ஏறிவிடும். உப்பேறிய பலகை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதில் அடித்த ஆணி துருப்பிடிக்கும். முற்றிய தேங்காயின் பச்சைக் கதம்பையை நேராக எந்திரத்தில் அடித்த பழுப்புத் தும்பும் அதோடு வரும் தூளும்தான் நமக்குச் சரி. இளநீர்க் கூடு ஈரம் மிகுந்தது. காய வைக்கும் செலவு கட்டாது.

ஆலையில் ஒரு பங்கு தும்பு வந்தால் ஏறக்குறைய இரண்டு பங்கு தூள் வரும். தூள் சும்மா கிடைக்கிறதே என்று முழுக்கத் தூளில் பலகை செய்யத் தோன்றும். அந்த ஆசையை அடக்க வேண்டும். தன் எடையைப்போல் ஏழெட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும் பொருள் அது. செடித் தொட்டிக்கு வரம், பலகைக்குச் சிக்கல். மொத்தக் கலவையில் கால் பங்குக்கு மேல் தூள் வேண்டாம். அந்தக் கால் பங்கு இடைவெளிகளை அடைத்து மேற்பரப்பை வழவழப்பாக்கும்.

மரச்சீனிக் கம்பு நல்ல துணைப்பொருள். வெளிப்பகுதி மரம் போன்றது, நடுவில் வெண்மையான சோறு. அரைத்துச் சலித்தால் சோற்றில் பெரும்பகுதி தூளாகப் பிரிந்துவிடும். அடுத்த நடவுக்கு வேண்டிய கம்பைக் கட்டி வைத்தபின் மிஞ்சுவதை விளையில் குவித்து எரிப்பதே வழக்கம் என்பதால் கேட்டால் கிடைக்கும். ரப்பர் மரத்தூள் கிடைத்தால் மூன்றில் ஒரு பங்கு வரை சேர்த்துக்கொள்ளுங்கள், பலகையின் குணம் ஒரே சீராக வரும். வாழைத்தடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். நார் பிரிக்கும் எந்திரம் பக்கத்தில் இருந்தால் மட்டும் அதன் நாரைத் துண்டாக்கி மேல் அடுக்குக்குப் பயன்படுத்தலாம். உமியை மட்டும் வைத்து முயல வேண்டாம். அதன் மேல்தோலில் சிலிக்காவும் மெழுகும் படிந்திருப்பதால் நீரில் கரைந்த பிசின் ஒட்டாமல் வழுகும், அரைக்கும் எந்திரத்தின் சுத்தியலும் தேயும்.

பிசின்: எது நமக்கு ஒத்துவரும்

அண்டி ஆபீஸ்கள் நிறைந்த மாவட்டத்தில் முந்திரி ஓட்டெண்ணெயைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஓட்டில் இருக்கும் அனகார்டிக் அமிலம் சூட்டில் கார்டனாலாக மாறுகிறது. கார்டனால் ஃபீனாலின் உறவுக்காரன், அருமையான பிசின் மூலப்பொருள். ஆனால் அதைப் பிசினாக்கும் வழக்கமான முறைக்கு ஃபார்மால்டிஹைடு தேவை. எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே திரும்பி வருகிறது. தவிர, பச்சை ஓட்டெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. சூடாக்கினால் வரும் புகை கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். ஆகவே பிசினாக வேண்டாம். படகுக்குப் பூசுவதுபோல, முடிந்த பலகையின் விளிம்புக்குப் பூச மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மரச்சீனி மாவுப் பசையும் எளிதாகக் கிடைக்கும். காகிதத்துக்கு அது போதும். பலகையில் தனியாகப் போட்டால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், நனைந்தால் கூழாகும்.

சோயா மாவுப் பசை வெளிநாட்டில் பெரிய அளவில் வெற்றி பெற்றிருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கைசாங் லீ, அலை அடிக்கும் பாறையில் சிப்பி எப்படி விடாமல் ஒட்டிக்கொள்கிறது என்பதைப் பார்த்து அந்த யோசனைக்கு வந்தார். குளச்சல், கடியப்பட்டணம் பாறைகளில் மூழ்கிச் சிப்பி பெயர்த்தெடுக்கும் நம் ஆட்களுக்கு அந்தப் பிடியின் பலம் நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் பசைக்கு வேண்டிய இன்னொரு பிசின் வேதி ஆலையில் இருந்துதான் வர வேண்டும், சோயாவும் நம் ஊர்ப் பயிர் இல்லை. அதனால் இங்கே விட்டுவிடுகிறேன்.

மிஞ்சுவது இரண்டு வழிகள். இரண்டையும் விரிவாகத் தருகிறேன்.

முதல் வழி, சர்க்கரையும் சிட்ரிக் ஆசிடும். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரத்துகளில் இதைச் செய்து காட்டினார்கள். சிட்ரிக் ஆசிட் 25 பங்கு, சர்க்கரை 75 பங்கு, மொத்தப் பிசின் துகள் எடையில் 20 விழுக்காடு, அழுத்தும் சூடு 200 டிகிரி. சூட்டில் சிட்ரிக் ஆசிட் நாரிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளோடு எஸ்டர் பிணைப்பை உண்டாக்குகிறது. சர்க்கரை உடைந்து ஃபியூரான் வகைப் பொருள்களாக மாறி இறுகுகிறது. ஃபார்மால்டிஹைடு சேர்க்கும் இடமே இதில் இல்லை. சிட்ரிக் ஆசிட்டும் தொழிற்சாலைகளில் சர்க்கரைப் பாகிலும் ஆலைக் கழிவுப் பாகிலும் ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்த்து எடுக்கப்படுவதே. நம்மூர்ப் பனங்கருப்பட்டியைச் சர்க்கரைக்குப் பதிலாகப் போடலாமா என்று தோன்றும். வேண்டாம். பதநீர்க் கலயத்தில் தடவும் சுண்ணாம்பின் மிச்சம் கருப்பட்டியில் இருக்கும், அது ஆசிட்டை முறித்துவிடும். வெள்ளைச் சர்க்கரையே போதும்.

இரண்டாம் வழி, பட்டைச் சாயப் பிசின், அதாவது டானின். தோல் பதனிடுவதற்காக வாட்டில் மரப்பட்டையிலிருந்து எடுத்த பொடி, தோல் பதனிடும் ஊர்களில் விற்பனைக்குக் கிடைக்கிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் காடாக வளர்ந்து நிற்கும் அதே வாட்டில்தான். இதை இறுக்க ஹெக்சமின் சேர்க்க வேண்டும். ஹெக்சமின் ஃபார்மால்டிஹைடும் அம்மோனியாவும் சேர்த்துச் செய்யப்படுவது என்பதால் இந்த வழியை முழுத் தாவர வழி என்று விளம்பரப்படுத்தக் கூடாது. வாயுக் கசிவு யூரியாப் பசையைவிட மிகக் குறைவு என்று மட்டும் சொல்லலாம். இதன் பெரிய வசதி, 170 டிகிரி சூடு போதும். முந்திரிப் பருப்பின் மேல்தோலிலும் டானின் நிறைய உண்டு. பருப்பு உரிக்கும் ஆலைகளில் அது மூட்டையாகக் கிடைக்கும். ஊற வைத்து, வடித்து, வற்றவைத்துப் பார்க்கலாம். கையிருப்புக் கழிவில் நம் சொந்தப் பிசின் என்ற அந்த முயற்சி எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் முதல் பலகைக்குக் கடைப்பொடியே நல்லது, ஏனென்றால் அதன் தரம் மூட்டைக்கு மூட்டை மாறாது.

கருவிகள்

பெரிய செலவு சூட்டழுத்தி, அதாவது ஹாட் பிரஸ். இங்கே நம் மாவட்டத்துக்கு ஒரு சாதகம் உண்டு. ரப்பர் சாமான் வார்க்கும் பட்டறைகளில் இருக்கும் ஹைட்ராலிக் பிரஸ், மேலும் கீழும் சூடேறும் தட்டுகள் கொண்டது. நமக்கு வேண்டியதும் அதுவே. வேலை இல்லாத நேரத்தில் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். ரப்பருக்கு 140 முதல் 180 டிகிரி போதும் என்பதால் எல்லா பிரஸ்ஸும் 200-ஐத் தொடாது. தொடாவிட்டால் டானின் வழியை எடுங்கள்.

எவ்வளவு அழுத்தம் வேண்டும்? சதுர செ.மீ.க்கு 25 முதல் 35 கிலோ. நம் பலகை 900 சதுர செ.மீ., 30 கிலோ வீதம் 27 டன். ஆகவே 40 டன் பிரஸ் இருந்தால் நெருக்கடி இல்லை.

மற்றவை: சுத்தியல் வகை அரைவை எந்திரம், 1, 2, 5 மி.மீ. சல்லடைகள், ஒரு கிராம் வரை காட்டும் தராசு, பெயிண்ட் அடிக்கும் ஸ்பிரே துப்பாக்கி, சுழலும் பீப்பாய் அல்லது சிறிய கான்கிரீட் கலவை எந்திரம், 12 மி.மீ. கனமுள்ள இரண்டு இரும்புப் பட்டைகள், துருப்பிடிக்காத எஃகுத் தகடு இரண்டு, டெஃப்லான் தாள். சாதாரண இரும்புத் தகட்டைப் பயன்படுத்தாதீர்கள். சிட்ரிக் ஆசிட் அதை அரிக்கும், டானின் இரும்போடு சேர்ந்து பலகையில் மை போன்ற கறுப்புக் கறை விடும். தூசிக்கு முகக்கவசம், பிரஸ்ஸில் கை வைக்கத் தோல் கையுறை கட்டாயம்.

படி 1: துண்டாக்கு, அரை, சலி

தும்பை 1 முதல் 2 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். நீள நாரை அப்படியே விட்டால் கலவையில் சுருண்டு உருண்டை பிடிக்கும், உருண்டைக்குள் பிசின் போகாது. பலகை உடைந்த இடத்தைப் பார்த்தால் பிசின் படாத வெளிர் உருண்டைகள் தெரியும். அப்படித் தெரிந்தால் நார் நீளம் என்று அர்த்தம்.

மரச்சீனிக் கம்பை முதலில் ஒரு விரல் நீளத் துண்டாக வெட்டி, இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டபின் அரையுங்கள். பச்சையாக அரைத்தால் பால் கசிந்து சல்லடை அடைத்துக்கொள்ளும். 5 மி.மீ. சல்லடையில் விழுந்து 2 மி.மீ.இல் நிற்பது நடு அடுக்குக்கு. 2-இல் விழுந்து 1-இல் நிற்பது மேல், கீழ் அடுக்குகளுக்கு. 1 மி.மீ.க்குக் கீழே போவதில் கொஞ்சம் மட்டும் மேல் அடுக்கில் சேருங்கள். நுண்தூள் மேற்பரப்பு அதிகம் என்பதால் பிசினையெல்லாம் அதுவே குடித்துவிடும், பெரிய துகளுக்கு மிஞ்சாது.

தும்பில் உப்பு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிடுங்கள். ஒருமுறை போதும்.

படி 2: உலர்த்துதல்

பிசின் தெளிக்கும் முன் துகளில் ஈரம் 3 முதல் 5 விழுக்காடுதான் இருக்க வேண்டும். குமரியில் வெயிலில் மட்டும் காயவைத்து இந்த அளவுக்கு வருவது நடக்காத காரியம். பங்குனி, சித்திரை வெயிலில்கூட காற்றில் ஈரம் இருக்கிறது. கையில் எடுத்தால் மொறுமொறுவென்று இருக்கும் தும்பில் 12, 13 விழுக்காடு ஈரம் ஒளிந்திருக்கும். கையை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள்.

அளக்கும் முறை எளிது. துகளில் 100 கிராம் எடுத்து, 103 டிகிரி சூட்டடுப்பில் வையுங்கள். எடை குறைவது நிற்கும் வரை அவ்வப்போது நிறுத்துப் பாருங்கள். கடைசியில் 92 கிராம் நின்றால், போன தண்ணீர் 8 கிராம். 8-ஐ 92-ஆல் வகுத்தால் 8.7 விழுக்காடு. காய்ந்த எடையால்தான் வகுக்க வேண்டும், தொடக்க எடையால் அல்ல.

எனவே இரண்டு கட்டமாக உலர்த்துங்கள். முதல் கட்டம் வெயில்: தார்ப்பாயில் மூன்று விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, கிளறிக் கிளறி 15 விழுக்காட்டுக்குக் கொண்டுவாருங்கள். தரையில் நேராகப் போட்டால் மண் சேரும். இரண்டாம் கட்டம் சூடான காற்று. இதற்கு ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைப்புரை கைகொடுக்கும். அது 50, 60 டிகிரி வரை சூடேறும், மேற்குக் குமரியில் பல தோட்டங்களில் சும்மா கிடக்கிறது. ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, தீ. காய்ந்த நார்த்தூள் ஒரு பொறி பட்டால் பற்றும், உள்ளுக்குள்ளேயே கனன்று மணிக்கணக்கில் கழித்தும் எரியும். அடுப்புக்கும் தட்டுக்கும் நடுவே தகரத் தடுப்பு வையுங்கள், தண்ணீர் வாளி பக்கத்தில் இருக்கட்டும், ஆள் இல்லாமல் விட்டுப் போகாதீர்கள். இரண்டு, ஈரக்காற்று வெளியேற மேலே திறப்பு வேண்டும். எல்லாவற்றையும் மூடி வைத்தால் துகள் வெந்துகொண்டிருக்கும், காயாது.

60 டிகிரியில் 6, 7 விழுக்காடு வரை வரும். கடைசி இரண்டு மூன்று விழுக்காட்டுக்கு 80 டிகிரி மின் அலமாரி, அல்லது பிரஸ்ஸின் சூடான தட்டின் மேல் தகட்டில் பரப்பிப் புரட்டுவது. காய்ந்ததும் ஆறவைத்து, கனமான பிளாஸ்டிக் சாக்கில் வாய் கட்டிவிடுங்கள். திறந்து வைத்தால் ஒரு மழை இரவிலேயே பழைய ஈரம் ஏறிவிடும். மழைக்காலத்தில் துகள் தயாரித்துச் சேர்த்து வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஜனவரியிலிருந்து மே வரை காய வைத்துக் கட்டி வைத்துக்கொண்டு, மழையில் அழுத்தும் வேலையை மட்டும் பாருங்கள்.

படி 3: எடைக் கணக்கு

30 செ.மீ. × 30 செ.மீ. × 12 மி.மீ. என்றால் 1,080 கன செ.மீ. அடர்த்தி 750 என்றால் பலகை எடை 810 கிராம். முடிந்த பலகை காற்றிலிருந்து 8 விழுக்காடு ஈரம் எடுத்துக்கொள்ளும் என்று வைத்தால், ஈரமில்லாத எடை 750 கிராம்.

சர்க்கரை வழியில்: காய்ந்த துகள் 625 கிராம், சிட்ரிக் ஆசிட் 31 கிராம், சர்க்கரை 94 கிராம். ஆசிட்டையும் சர்க்கரையையும் 85 முதல் 90 மில்லி வெந்நீரில் முழுக்கக் கரையுங்கள்.

டானின் வழியில்: காய்ந்த துகள் 670 கிராம், வாட்டில் பொடி 74 கிராம், ஹெக்சமின் 6 கிராம். பொடியை 90 மில்லி வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள், ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி பிடிக்கும். காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, புளிப்பும் காரமும் காட்டும் பிஎச் தாளில் 9-க்கும் 10-க்கும் இடையே கொண்டுவாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. ஹெக்சமினைத் தனியே 10 மில்லி நீரில் கரைத்து, தெளிப்பதற்குச் சற்று முன் சேருங்கள்.

துகளில் மிச்சமிருக்கும் ஈரத்துக்கேற்ப எடையைக் கூட்டிக்கொள்ள மறக்காதீர்கள். 4 விழுக்காடு ஈரமுள்ள துகள் என்றால் 625-க்குப் பதில் 650 கிராம் நிறுக்க வேண்டும்.

படி 4: தெளித்துக் கலத்தல்

பீப்பாய் சுழலும்போது ஸ்பிரே துப்பாக்கியால் மெல்லிய பனியாகத் தெளிக்க வேண்டும். ஊற்றக் கூடாது. ஐந்து முதல் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். கரையான் தொல்லை உள்ள ஊர் என்றால், துகள் எடையில் ஒரு விழுக்காடு போரிக் அமிலத்தை இந்தக் கட்டத்தில் பொடியாகத் தூவலாம்.

தெளித்தபின் மறுபடியும் ஈரம் ஏறியிருக்கும். சர்க்கரைக் கலவையை 80 டிகிரியில் பரப்பி, 4 முதல் 6 விழுக்காட்டுக்கு உலர்த்துங்கள், ஓர் இரவு ஆகும். மொத்தக் கலவை 790 கிராமுக்கு வந்தால் சரி. டானின் கலவை கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும், ஈரம் கொஞ்சம் இருந்தால்தான் பிசின் பரவும். அதை 50 டிகிரிக்கு மேல் போகாத காற்றில் காட்டி, 830 கிராம் வந்ததும் எடுத்துவிடுங்கள். ஈரமானி இல்லாமல் தராசை மட்டும் வைத்து ஈரத்தைக் கட்டுப்படுத்தும் இந்த முறை சிறு பட்டறைக்கு மிகவும் பயன்படும்.

படி 5: மெத்தை (அழுத்துமுன் பரப்பும் துகள் அடுக்கு) அமைத்தல்

எஃகுத் தகட்டின் மேல் டெஃப்லான் தாள், அதன்மேல் 30-க்கு 30 மரச்சட்டம். மொத்தக் கலவையில் ஐந்தில் ஒரு பங்கு நுண்துகளைக் கீழே தூவுங்கள், ஐந்தில் மூன்று பங்கு பெருந்துகள் நடுவில், மிச்சம் மேலே. மூலைகளுக்குத் துகள் போகாமல் நடுவில் குவிவதுதான் புதியவர்களிடம் அடிக்கடி நடப்பது. மூலையில் விரலால் தட்டித் தட்டி நிரப்புங்கள். பிறகு ஒரு பலகையை மேலே வைத்து ஏறி நின்று அமுக்கி, சட்டத்தை மெல்லத் தூக்கிவிடுங்கள். மெத்தை தானாக நிற்க வேண்டும்.

படி 6: அழுத்துதல்

தட்டுகள் சூடேறிய பிறகே மெத்தை உள்ளே போக வேண்டும். இரண்டு பக்கமும் 12 மி.மீ. பட்டைகளை வைத்து, ஒரு நிமிடத்துக்குள் பட்டையைத் தொடும் வரை மூடுங்கள். மெதுவாக மூடினால் மேற்பரப்புப் பிசின் இறுக்கம் வருமுன்பே வெந்து பொடியாகிவிடும்.

டானின்: 170 டிகிரி, மி.மீ.க்கு 30 வினாடி, ஆக 6 நிமிடம். சர்க்கரை: 200 டிகிரி. ஆய்வில் 9 மி.மீ. பலகைக்கு 10 நிமிடம் கொடுத்தார்கள், நம் 12 மி.மீ.க்கு 13 நிமிடம் வைத்துத் தொடங்குங்கள். மெத்தையின் நடுவில் வெப்பம் அளக்கும் ஒரு தெர்மோகப்பிள் கம்பியைச் செருகிவைத்தால் ஊகத்துக்கே இடமில்லை: நடுவிலுள்ள ஈரம் ஆவியாகி, நடு வெப்பம் 100 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் நடு அடுக்கு இறுகத் தொடங்குகிறது.

திறப்பதில்தான் பலகை பிழைப்பதும் சாவதும். உள்ளே நீராவி அடைபட்டிருக்கிறது. ஒரேயடியாக அழுத்தத்தை விட்டால் பலகை நடுவே இரண்டாகப் பிளந்து, சத்தத்தோடு ஊதும். கடைசி இரண்டு நிமிடத்தில் அழுத்தத்தைப் பாதியாக, பிறகு கால்பங்காக, பிறகு பூஜ்யமாகக் குறையுங்கள். ஓரத்தில் ஆவி சீறுவது நின்றதும் திறக்கலாம். முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

படி 7: ஆறவைத்தல், அறுத்தல்

சூட்டோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், இடையே குச்சி வைத்து, மேலே கனம் ஏற்றி ஒரு வாரம் நிழலில் விடுங்கள். பிறகு நான்கு ஓரத்திலும் ஒன்றிரண்டு செ.மீ. அறுத்து எறிந்துவிட்டு மணல்தாள் போடுங்கள். ஓரம் எப்போதும் தளர்வாகத்தான் இருக்கும்.

படி 8: சோதித்தல்

விற்பதற்கு முன் நீங்களே செய்யக்கூடிய சோதனைகள் மூன்று.

வளைவு: 5 செ.மீ. அகலப் பட்டையை 24 செ.மீ. இடைவெளியுள்ள இரண்டு தாங்கிகள்மேல் வைத்து, நடுவில் வாளி தொங்கவிட்டு மணல் நிரப்புங்கள். 25 கிலோவில் உடைந்தால் வளைவு வலிமை சதுர மி.மீ.க்கு 12 நியூட்டன் சொச்சம். உள்தட்டு வேலைக்குத் தேறும். 15 கிலோவில் உடைந்தால் படச்சட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தண்ணீர்: 5 செ.மீ. சதுரத் துண்டின் கனத்தை அளந்து, 24 மணி நேரம் நீரில் மூழ்க வைத்து மறுபடி அளங்கள். 12 மி.மீ. துண்டு 14-ஐத் தாண்டினால் நார்த்தூளைக் குறைக்க வேண்டும் அல்லது அழுத்தும் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

சர்க்கரைப் பலகைக்கு மட்டும் இன்னொன்று: துண்டு ஊறிய நீரில் பிஎச் தாளை நனையுங்கள். புளிப்பு பலமாகக் காட்டினால் ஆசிட் இன்னும் பிணைப்பில் போய்ச் சேரவில்லை, வேக்காடு போதாது. அப்படிப்பட்ட பலகையில் ஆணியும் துருப்பிடிக்கும். அரசு டெண்டருக்கோ பெரிய கடைக்கோ கொடுப்பதானால் ஐ.எஸ். 2380 முறைப்படி ஆய்வகச் சான்று வாங்க வேண்டியிருக்கும்.

தொழிலாக்க நினைப்பவர்களுக்கு

எட்டுக்கு நாலடிப் பலகை செய்ய ஆசைப்படுவோர் முதலில் ஒரு பெருக்கலைச் செய்து பார்க்கட்டும். 29,700 சதுர செ.மீ. பரப்புக்கு 30 கிலோ வீதம் ஏறக்குறைய 900 டன் பிரஸ். அது வேறு அளவிலான முதலீடு. இரண்டடிச் சதுர உள்கூரைத் தட்டுக்கு 110 டன்னே போதும். அதுவே நம் மாவட்டத்துக்கு ஏற்ற முதல் பொருள் என்று நினைக்கிறேன். நனையாத இடத்தில் மாட்டுவது, பாரம் தாங்க வேண்டியதில்லை, கதம்பையின் காவி நிறத்தை மறைக்காமலே விற்கலாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்கு மானியத்தோடு வங்கிக்கடன் உண்டு. விண்ணப்பம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியை எந்திரம் வாங்குமுன் விசாரித்துவிடுங்கள். மூலப்பொருள் எடை குறைவு, இடம் அதிகம் அடைக்கும் என்பதால், லாரி வாடகை லாபத்தைத் தின்றுவிடும். தும்பு ஆலைக்கு நடந்துபோகும் தூரத்தில் பட்டறை போடுவதே சிக்கனம்.

பொருத்தும் தச்சரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை: ஸ்குரூ போடுமுன் சிறிய துளை இட்டுக்கொள்ள வேண்டும், விளிம்பில் ஸ்குரூ ஏற்றக் கூடாது. அறுத்த ஒவ்வொரு விளிம்பையும் அன்றே வார்னிஷாலோ, மனிதர் புழங்காத இடமென்றால் காய்ச்சிய முந்திரி ஓட்டெண்ணெயாலோ இரண்டு கை பூசி அடைத்துவிட வேண்டும். ஓட்டெண்ணெய் பூசியது கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தபின்தான் பலகையைத் தொடலாம்.